சுடாத ரோடு

அந்தப் பங்குனியில் ரோடு எனக்குச் சுடவில்லை.

எனக்கு முன்னாலும் பின்னாலும் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் பால்குடம் இருக்கும்போது ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. ரோட்டோரம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் சூடு கொஞ்சம் குறைவு என்று, அந்த ஒரு கோட்டின்மேலேயே எல்லோரும் வரிசை பிடித்திருந்தார்கள். வாசல்களில் நின்றவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு ஒர்க் ஷாப்காரர் வண்டி கழுவுகிற ஓஸ் பைப்பைத் திருப்பிப் பிடித்து ரோட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் விழுந்த இடம் ஆவி விட்டு உடனே காய்ந்தது. நான் மட்டும் நடு ரோட்டில், யாருமே இல்லாத வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. சின்ன வயதில் மெத்தை தைக்கிறவர் கடையில் கொட்டி வைத்திருந்த பஞ்சின்மேல் ஏறித் திட்டு வாங்கியிருக்கிறேன். அதே மாதிரி இருந்தது. தூரத்தில் ரோடு தண்ணீராகத் தெரிந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓரம் கட்டி நின்றன, அவற்றின் டிரைவர்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். மேளச் சத்தம் பக்கத்திலேயே அடித்தும் அடுத்த ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது. என் உடம்பு இடுப்போடு முடிந்துவிட்டது, அதற்குக் கீழே யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். அது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் பக்கத்தில் சொம்புத் தண்ணீரோடு நடந்து வந்தவள்தான் முதலில் கவனித்தாள். என் கடையில் பட்டனுக்குக் காஜா எடுத்து, ஹெம்மிங் போடுகிறவள். என்னைவிடச் சின்னவள், சத்தமாகப் பேசுகிறவள்.

"பாருங்கடி! எங்க அக்காவுக்குச் சுடவே இல்ல! ஆத்தா தூக்கிட்டுப் போறா!"

யாரோ குலவை போட்டார்கள். அது வரிசை முழுக்கப் பரவியது. பெண்கள் மஞ்சள் தண்ணீரை என் பாதத்தில் ஊற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிளவுஸின் கை இறுக்கமாக இருக்கிறது என்று போன மாதம் என்னிடம் சண்டை போட்டவள்கூட விழுந்து கும்பிட்டாள். மற்ற நாளாக இருந்தால் கூச்சத்தில் செத்திருப்பேன். அன்று, கும்பிடட்டும் என்று நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

எதற்காக நேர்ந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எனக்குத் தையல் கடை. மோட்டார் வைத்த மிஷின் ஒன்று உண்டு. ஆனாலும் நைசு துணி வந்தால் கால் மிஷினில்தான் உட்காருவேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்பு மிதியில் வெறுங்காலை வைத்தால்தான் எனக்குத் தையல் வரும். அப்படியிருந்த காலில் ஒரு வருஷமாக எரிச்சல். மிளகாய் அரைத்த அம்மியில் நின்ற மாதிரி எரியும். படுத்தால் கூடும். ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு படுப்பேன். காலைச் சுவரில் தூக்கி வைப்பேன். பித்தம் என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள். மோரும் வெந்தயமுமாகக் குடித்தேன். கடைசியில் தைமாத வெள்ளிக்கிழமை ஒன்றில் மாரியம்மன் முன்னால் நின்று, "இந்த எரிச்சலை எடுத்துக்க தாயே, இந்தக் காலாலயே நடந்து வந்து பால்குடம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி பாதியில் எரிச்சல் நின்றுவிட்டது. திடீரென்று இல்லை, மழை விடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நாள் காலையில் எழுந்தபோது கால் இருப்பதே தெரியவில்லை. அந்த நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மிஷினில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரமே, கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து போனபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று வழியில் எங்கோ கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று என் காலைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்த மகராசன் நெனப்புல நடந்து வந்தே?"

நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் செருப்பு மருந்துக்கடை வாசலில், மற்ற செருப்புகளோடு ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. யாரோ நல்லவர் எடுத்து வைத்திருக்கிறார்.

நம் ஊரில் ஒற்றைச் செருப்பு காணாமல் போவது பெரிய விஷயம் இல்லை. கழற்றிப் போடுவதற்குத்தானே நாம் செருப்பே போடுகிறோம். கோயில், வீடு, பள்ளிவாசல் என்றால் சரி. செல்போன் கடையில் கண்ணாடிக் கதவு போட்டால் அதற்கு வெளியே கழற்றுகிறோம். ஏ.சி. இருக்கிற இடம் எல்லாம் கருவறை மாதிரி. ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் சென்டர், வக்கீல் ஆபீஸ், எல்லா இடத்திலும் வாசலில் செருப்புக் குவியல். என் கடையிலும் 'செருப்பை வெளியில் விடவும்' என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். உள்ளே தரை முழுக்க வெட்டுத் துணியும் நூலும் ஊசியும். வெளியே விட்டுவிட்டு வருகிறவர்கள் ஊசியில் மிதித்துவிட்டுக் கத்துவார்கள். அப்போதும் அந்தத் தாளைக் கிழிக்க எனக்குத் தோன்றவில்லை. அதுதான் மரியாதை என்று இருந்தது.

எங்கள் அம்மாவுக்கு இந்த மரியாதை வேறு மாதிரி பழக்கம். அடுத்தவர் வயலில் நாற்று நட்டு எங்களை வளர்த்தவள். அவள் வயசுப் பெண்ணாக இருந்த காலத்தில், நிலம் வைத்திருந்தவர்கள் தெரு வந்ததும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளிடம் செருப்பே இல்லாததால் அந்தக் கஷ்டமும் இல்லை என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. இப்போது அந்தத் தெருவில் எல்லோரும் செருப்போடுதான் போகிறார்கள். என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்டில் ஃபிட்டர். இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவோடு டக்டக்கென்று அதே தெரு வழியாக டூட்டிக்குப் போவார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

பால்குடம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அந்த ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், அங்கேயே நில்லு. தரையைப் பாரு."

வாசலிலிருந்து அடுப்படி வரை நான் நடந்த தடம் ஈரமாகத் தெரிந்தது. மஞ்சள் தண்ணீர் என்றேன். அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். என்னை உட்கார வைத்து இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து தோல் பையாகத் தொங்கியது. எனக்கு அதைப் பார்த்தபோது யாருடைய காலோ என்று இருந்தது. அவர் தொட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு எதுவும் தெரியவில்லை.

"வலிக்கலியா?"

"இல்லீங்க. ஆத்தா இருக்கா இல்ல."

ஆலையில் எத்தனையோ தீக்காயம் பார்த்தவர், வலிக்காத காயத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சர்க்கரை நோய்க்குத் தனியாகப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாக ஆலையில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆஸ்பத்திரி வாசலிலும் செருப்புக் குவியல் இருந்தது. காலில் கட்டுப் போட்டவர்கள், விரல் இல்லாதவர்கள், எல்லோரும் குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெனக்கெட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். ஒரு நர்ஸ் வெளியே வந்து, "செருப்போட வாங்க, செருப்போட வாங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது!" என்று கத்தினார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் ரூமுக்குள் செருப்போடு எப்படிப் போவது?

டாக்டர் அம்மா என்னைப் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு நைலான் நூலால் காலில் தொடுவேன், தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஃபேன் சுற்றியது. வெளியே யாரோ டோக்கன் கூப்பிட்டார்கள். நல்ல தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். அப்போது என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். டாக்டர் நூலை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டதாம்.

"கால்ல உணர்ச்சி நரம்பு போயிருக்கும்மா. முன்னாடி எரிச்சல் இருந்திருக்குமே?"

"இருந்துச்சுங்க. நின்னுடுச்சு. வேண்டிக்கிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நரம்பு கெட ஆரம்பிக்கும்போது எரியும், அது செத்த பிறகு எரியாது என்று, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மக்காச்சோளக் கொல்லைகள் போய்க்கொண்டே இருந்தன. காலில் சுடவில்லை என்பதைவிட, என்னை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு தூரம் நான் தனியாகத்தான் நடந்திருக்கிறேன். அம்மன்மேல் இருந்த கோபத்தில் ரொம்ப நாள் அந்தக் கோயில் தெருப் பக்கமே போகவில்லை.

புண் ஆறுவதற்கு ஆடி வந்துவிட்டது. இடது கால் சுண்டுவிரல் ஆறாமல் போய், அதை எடுத்துவிட்டார்கள். மெட்டி போட்ட விரல் தப்பித்தது என்று என் நாத்தனார் ஆறுதல் சொன்னார். எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். இனி வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும் என்பது டாக்டரின் கண்டிஷன். பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத காலிலிருந்து சாதாரணச் செருப்பு கழன்று போகும், போட்டிருப்பவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்த வார்.

வீட்டுக்குள் செருப்போடு நடக்க எனக்கு உடம்பு கூசியது. சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் செருப்புக் காலா? ஏமாற்றிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. காலையில் நான் கட்டிலை விட்டு இறங்கும் முன் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆலை கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி மாதிரி விறைப்பாக நிற்பார்.

"சேஃப்டி ஷூ இல்லாம சைட்டுக்குள்ள அனுமதி கெடையாதுங்க மேடம்."

"சாமி ரூமுக்கு?"

"அது ஹை ரிஸ்க் ஏரியா. கண்டிப்பா போடணும்."

இப்படிச் சிரிக்க வைத்தே பழக்கிவிட்டார். கடையில் ஒட்டியிருந்த தாளையும் அவர்தான் கிழித்தார்.

இதற்குள் என் பெயர் பரவிவிட்டது. ரோடு சுடாத அம்மா. ஜெயங்கொண்டம் பக்கமிருந்தெல்லாம் தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்தார்கள். ஜாக்கெட் துணியை நீட்டிவிட்டு, சடாரென்று குனிந்து காலைத் தொடுவார்கள். நான் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, இது அருள் இல்லை, சர்க்கரை, நரம்பு செத்துவிட்டது, விரலைக்கூட எடுத்துவிட்டார்கள் என்று காட்டுவேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எவ்ளோ அடக்கமா பேசறாங்க பாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள்.

அவர்களுக்குச் சொல்லிப் புரியாவிட்டால் போகிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தவளுக்கும் புரியவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. மழைக்காலத்திலேயே அவளுக்கும் எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. மேஜைக்கு அடியில் பிளாஸ்டிக் பேசின் வைத்து, தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டே காஜா எடுப்பாள். மகளை அரும்பாவூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவள். பஸ் இல்லாத நேரத்தில் நடந்தே வருகிறவள். கால் போனால் அவளுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

"வாடி, பெரம்பலூர் போயிட்டு வந்துடுவோம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"டெஸ்ட் எடுத்தா சக்கரை இருக்குன்னுதான் சொல்லுவாங்க. எடுக்காம இருந்தா இல்ல. நான் ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்க்கா. உங்களுக்கு நிறுத்துனவ எனக்கு நிறுத்த மாட்டாளா?"

"எனக்கு அவ நிறுத்தலடி. நரம்பு செத்துப்போச்சு. வெரலு எங்கன்னு பாரு."

அவள் என் காலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை, பக்திதான் இருந்தது.

"வெரல எடுத்துக்கிட்டா, கால வுட்டுட்டா பாருங்க. அதான்க்கா ஆத்தா."

கத்தினேன், கெஞ்சினேன், சம்பளத்தை நிறுத்துவேன் என்று மிரட்டினேன். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கும்போது எனக்குப் பழைய என்னைப் பார்ப்பது போலவே இருக்கும். அதனால் கோபமும் முழுசாக வராது.

மாசி கடைசியில் ஒரு காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! எரிச்சல் நின்னுடுச்சு! சுத்தமா நின்னுடுச்சு!"

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுதாள், நான் பயத்தில் அழுதேன். பங்குனி பால்குடத்துக்கு அவள் பேரைக் கொடுத்துவிட்டாள். நான் போன அதே ரோட்டில், அதே வெயிலில், அவள் வெறுங்காலோடு நடக்கப் போகிறாள். அவளுக்கும் சுடாது. அவளையும் கும்பிடுவார்கள். பிறகு அவள் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம், சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு, மிஷின்மேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தேன். வெளியே அனல். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. லாரி போகும்போது மட்டும் நூல் சுற்றிய பாபின்கள் கண்ணாடி வளையல்கள் மாதிரி டப்பாவில் நடுங்கின. அப்போது ஒருத்தி கடைக்குள் வந்தாள்.

மஞ்சள் சேலை. தலைமுடி அவிழ்ந்து ஈரமாக இருந்தது. முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. கையில் சிவப்புத் துணி ஒன்று வைத்திருந்தாள். அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தோளிலிருந்து அளந்தேன், அளந்துகொண்டே இருந்தேன், டேப் முடியவே இல்லை. கீழே, கீழே என்று போய்த் தரைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கோயிலில் எப்போதும் பட்டுக்குள்ளேயே இருக்கிற, இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத பாதம். அந்தப் பாதத்தில் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. சுண்ணாம்புக்கல் தூசி படிந்து வெள்ளையாக இருந்தது. நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். செருப்பை வெளியில் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் காலை எடுத்து என் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது.

விழித்தபோது மடியில் யாரோ தைக்கக் கொடுத்த சுடிதார் துணி கிடந்தது. பக்கத்தில் அவள், என் ஹெம்மிங்காரி, பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கனவாக்கா? உளறுனீங்க."

"ஆத்தா வந்தா" என்றேன்.

ஊசி நின்றது.

கனவில் ஆத்தா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியதாகச் சொன்னது நான்தான். உன்னைச் செருப்புப் போட்டுக்கொண்டு பால்குடம் எடுத்து வரச் சொன்னாள், நானும் போட்டிருக்கிறேன் பார் என்று காட்டினாள் என்று சொன்னேன். சூட்டோடு சூடாக, பெரம்பலூர் டாக்டரையும் போய்ப் பார்க்கச் சொன்னாள் என்று சேர்த்துக்கொண்டேன்.

"டாக்டரையுமா சொன்னா?"

"ஆமாண்டி. கண்டிப்பா சொன்னா."

ஒரு வருஷமாக உண்மையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருந்தது. இந்த ஒன்றை ஒரே தடவைதான் சொன்னேன். அவள் எழுந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பால்குடம் முடிந்த மறுநாளே டாக்டரிடம் வருகிறேன் என்றாள். இதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தக் கனவே நானாக உண்டாக்கிக்கொண்டதா, தானாக வந்ததா என்று சில சமயம் யோசிப்பேன். மடியில் இருந்த அந்தக் கனம் மட்டும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பால்குடம் அன்று காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். அவள் முங்கிக் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு, வேப்பிலையும் மஞ்சளுமாக வரிசையில் நின்றாள். அதற்குள்ளேயே கரை மண் சுட ஆரம்பித்திருக்க வேண்டும், பெண்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். அவள் அசையாமல் நின்றாள். பூசாரி குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். இனி கோயில் போய்ச் சேரும்வரை குனியக் கூடாது. நான் கூடைக்குள்ளிருந்து புதுச் செருப்பை எடுத்தேன். என்னுடையது மாதிரியே, பின்வார் வைத்தது.

விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது அநியாயம்? பால்குடத்துக்குச் செருப்பா?"

நான் செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கனவை அவள் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள், வரிசையில் நின்ற பெண்களே அவர்மேல் பாய்ந்தார்கள். "அந்தம்மாகிட்ட ஆத்தாவே வந்து சொல்லியிருக்கா, நீங்க தள்ளுங்க!" என்றார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். யாரோ குலவை போட்டார்கள்.

நான் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்திலிருந்து ஒரு சொட்டுப் பால் தளும்பி என் கையில் விழுந்தது. வலது கணுக்காலைப் பிடித்துத் தூக்கினேன். ஈரம், மஞ்சள், ஒட்டிய மணல். என் முந்தானையால் துடைத்தேன். குதிகாலில் ஒரு முள் ஒடிந்து உள்ளே இருந்தது, அதை நகத்தால் எடுத்துப் போட்டேன். செருப்பை மாட்டி, வாரைப் பின்னால் இழுத்து இறுக்கினேன். பிறகு இடது கால். அதையும் துடைத்தேன், மாட்டினேன், இறுக்கினேன், சரியாக இருக்கிறதா என்று இரண்டையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். மேளம் அடிக்க ஆரம்பித்தது. வரிசை நகர்ந்தது. நான் முழங்காலில் கை ஊன்றி எழுந்து நின்றேன்.

அவள் மட்டும் நகராமல் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"சீக்கிரம் போட்டு வுடுங்கக்கா" என்றாள். "எல்லாரும் போறாங்க."